பெட்டியின் சூடான மூலை

உங்கள் விசாரணை அறையின் ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை, மேடம். கீழே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. காலையிலிருந்து அங்கே உட்கார்ந்து நான் சொல்வதைத் தட்டச்சு செய்கிற பெண்ணின் முழங்காலில் அந்தக் காற்று நேராக அடிக்கிறது. பாருங்கள், ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாள். பழைய துணி ஒன்றைச் சுருட்டி வைத்தால் போதும். வீட்டில் நான் அப்படித்தான் செய்வேன்.

நீங்களும் துணியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். சொல்கிறேன். ஆனால் துணியிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

நீங்கள் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர் என்று பேச்சிலேயே தெரிகிறது. இங்கே தெற்கில், குரிச்சிபாவில், குளிர் வெளியே இருப்பதில்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறது. ஜூலை மாதத்தில் தெருவில் வெயிலில் நிற்பவர் கோட்டைக் கழற்றுவார். வாசற்படி ஏறியதும் திரும்ப மாட்டிக்கொள்வார். படுக்கையறையில் பேசினால் வாயிலிருந்து புகை வரும். எங்கள் வீட்டில் சூடான இடம் ஒன்றே ஒன்று, சமையலறை. என் மாமனார் போலந்திலிருந்து வந்தவர்களின் மகன். வீடு கட்டும்போது முதலில் இரும்பு விறகடுப்பை வாங்கி வைத்துவிட்டு, அதைச் சுற்றித்தான் சுவர் எழுப்பினார் என்று சொல்வார்கள். குளிர்காலத்தில் யாரையும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. அடுப்பை மூட்டினால் அவரவர் தாமாக வந்துவிடுவார்கள். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அடுப்பை மூட்டுகிறவள் நான்தான்.

மாமனார், மாமியார், பிறகு என் கணவர் என்று ஒவ்வொரு நாற்காலியாகக் காலியானது. நானும் என் மகள் மயாராவும் மிஞ்சினோம். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். பார்த்தாள். மாலையில் வந்ததும் காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு, காலுறையோடு இரண்டு பாதங்களையும் அடுப்பின் ஓரத்தில் வைத்துக்கொள்வாள். நான் இரும்புத் தகட்டின் மேல் பைன் கொட்டைகளைப் பரப்பி வாட்டுவேன். ஒரே குவளையை மாற்றி மாற்றி மாத்தே இலைத் தேநீர் குடிப்போம். பெரும்பாலும் பேச மாட்டோம். பேசாமல் இருக்க இரண்டு பேர் வேண்டும், மேடம். ஒருத்தி மட்டும் பேசாமல் இருந்தால் அதற்கு வேறு பெயர்.

பாம்பு அதற்குப் பிறகு வந்தது.

எங்கள் நாட்டு மலைப்பாம்பு, ஜிபோயா. திருட்டுத்தனமாகக் காட்டில் பிடித்ததில்லை. உரிமம் உள்ள பண்ணையில் பிறந்தது. தோலுக்கடியில் சில்லு பதித்து, ரசீது போட்டு விற்றார்கள். மரவள்ளிக் கிழங்குபோல் தடித்து, பொடித்த கடலை மிட்டாயின் நிறத்தில் இருந்தது. அதனால் மயாரா அந்த மிட்டாயின் பெயரையே வைத்தாள், பசோக்கா. அதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தருகிற பீங்கான் பல்பு, தெர்மோஸ்டாட். எல்லாவற்றையும் அவள் அறையில் வைத்தாள்.

பக்கத்து வீட்டு நிவால்டோ பார்க்க வந்தான். பெட்டியின் மேல் கையை வைத்து, எடுக்காமல் அப்படியே நின்றான்.

"ஏங்க்கா, பாம்புக்கு முப்பத்திரண்டு டிகிரி, உங்களுக்கு ரெண்டு கம்பளியா? பேசாம நீங்களும் உள்ள போயி சுருண்டு படுத்துக்கங்க. எங்க வீட்டுக்காரியையும் அனுப்பறேன்."

"உன் வீட்டுக்காரி வந்தா எலி செலவு கூடிரும் மாமா," என்றாள் மயாரா.

நானும் சிரித்தேன். நான் அப்படியொன்றும் கடுகடுப்பானவள் இல்லை.

அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் பெட்டியைக் கவனிக்க ஆள் வேண்டும். என்னை முன்னால் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். பல்புக்கு நேர் கீழே, பாம்பு படுக்கும் பலகையின் மேல், ஒயரின் நுனியில் சின்ன சென்சார். அது சூட்டைப் பார்த்துச் சொல்லும். முப்பத்திரண்டைத் தாண்டினால் தெர்மோஸ்டாட் பல்பை அணைக்கும், இறங்கினால் ஏற்றும். எண் வெளியே சிவப்பாகத் தெரியும்.

"இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கம் கொஞ்சம் குளிர்ச்சிம்மா. அதுக்கு உடம்புக்குள்ள சொந்தமா சூடு கிடையாது. எங்க வேணுமோ அங்க அதுவே நகர்ந்து போய்க்கும். நாம ரெண்டு பக்கத்தையும் அதுக்குத் திறந்து வெச்சா போதும். சாப்பிட்டப்புறம் மட்டும் சூடு குறையவே கூடாது. குறைஞ்சா வயித்துல இருக்கற எலி செரிக்காது, உள்ளயே அழுகிரும்."

"அழுகினா?"

"கக்கிரும். ரெண்டு மூணு தடவ கக்கினா அவ்வளவுதான்."

நான் ஒரு தடவை கேட்டால் மறக்க மாட்டேன். அவள் அப்பாவும் அப்படித்தான் சொல்வார்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அந்தப் பெட்டியின் சூடு மெல்லக் கசிந்து அவள் அறை முழுவதும் பரவியது. அதிகமில்லை. ஆனால் மூச்சு புகையாகத் தெரியாத அளவுக்கு. அந்தக் குளிர்காலத்திலிருந்து அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். மடியில் பாம்பு, கையில் போன், கதவு சாத்தியிருக்கும். நான் அடுப்பை மூட்டினேன். கொட்டைகளை வாட்டினேன். தகட்டின் மேல் அவை வெடிக்கிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். அவளுக்கும் கேட்டிருக்கும்.

கூப்பிட்டு வரவழைப்பது எனக்குப் பிடிக்காது.

முதல் தடவை நான் வேண்டுமென்று செய்யவில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்டிக்குள் துடைத்தபோது என் கை பட்டு சென்சார் மேலே போய், பல்பைச் சுற்றியிருந்த கம்பி வலையில் மாட்டிக்கொண்டது. பல்புக்கு அருகில் போனதால் அது நொடியில் முப்பத்திரண்டு காட்டி, பல்பை அணைத்துவிட்டது. கீழே பலகை சில்லிட்டுப் போனது. வெளியே எண் மட்டும் சிவப்பாக, சரியாக இருந்தது. பாம்பு முந்தின நாள்தான் எலி தின்றிருந்தது. மாலைக்குள் கக்கிவிட்டது. அந்த நாற்றத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் வேலையில் பழகியிருப்பீர்கள்.

மயாரா வந்தாள், பார்த்தாள், பாம்பைத் துணிப்பையில் போட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்கு ஓடிவந்தாள். அடுப்பின் பக்கத்தில், அவளுடைய பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். "அம்மா, இன்னும் ரெண்டு விறகு போடும்மா, போடும்மா," என்றாள். போட்டேன். வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கொட்டையை நான் உரித்துத் தர, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். அவளுடைய கைகள் பையின் மேல் இருந்தன.

சென்சார் இருந்த இடத்தை நான் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். எடுத்துக் கீழே வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருப்பாள். அந்த மாலையும் கெட்டுப்போயிருக்கும்.

அதற்குப் பிறகு வடக்கே பெலேமிலிருந்து வேலை வந்தது. பாம்பு விஷத்தை ஆராய்கிற ஒரு கூடத்தில் உதவியாளர் வேலை. அவள் சின்ன வயதிலிருந்து கேட்டது அதுதான். சமையலறை வாசலில் நின்றுகொண்டுதான் சொன்னாள், உள்ளே வரவில்லை.

"அங்க பெட்டிய சூடாக்கவே வேண்டாம்மா. ஊரே முப்பது டிகிரி. பசோக்காவ சும்மா ஜன்னல் பக்கத்துல வெச்சா போதும். நீயும் அப்புறமா வந்துரு. அடுப்பே இல்லாம இருந்து பாரேன்."

அடுப்பே இல்லாமல். அவள் அதை ஒரு நல்ல செய்திபோலச் சொன்னாள்.

விமானத்தில் உயிருள்ள பாம்பைக் கொண்டுபோக மருத்துவச் சான்றிதழ் வேண்டும். நோயுள்ள பாம்புக்குத் தர மாட்டார்கள். அவள் பாம்பை விட்டுவிட்டுப் போகிறவளும் இல்லை. நீங்கள் படித்தவர், மேலே நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒப்புக்கொள்ளத்தானே கூப்பிட்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். பாம்பு சாப்பிட்ட மறுநாள், அவள் பேருந்தில் ஏறிய பிறகு, சென்சாரை மேலே கம்பி வலையில் மாட்டுவேன். சாயங்காலம் அவள் திரும்புவதற்கு முன்பு, பலகை திரும்பச் சூடேற நேரம் விட்டு, கீழே வைத்துவிடுவேன். அவள் வந்ததும் எண்ணைப் பார்ப்பாள், கையையும் உள்ளே வைத்துப் பார்ப்பாள். இரண்டும் சரியாக இருக்கும். கொடுமைப்படுத்த எனக்கு ஆசையில்லை. பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுகூட இருந்திருக்கிறேன். முதலில் அது பலகைக்குப் போகும். சூடு இருக்காது. மறு பக்கம் போகும். திரும்ப வரும். அதற்குத் தெரிந்தது அந்த இரண்டு பக்கங்கள்தான். கடைசியில் பலகையிலேயே சுருண்டு, காத்திருக்கும். பொறுமையான பிராணி. எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு.

கால்நடை மருத்துவர் எலியோ ஒவ்வொரு தடவையும் கேட்டார், "சூடு எவ்வளவு வெக்கறீங்க?" முப்பத்திரண்டு என்றாள் மயாரா. "அப்ப வேற ஏதோ இருக்கு," என்று சொல்லி ஊசி போட்டார். மருந்து மாற்றினார். சான்றிதழைத் தள்ளிப்போட்டார். பெலேம்காரர்கள் நல்லவர்கள், காத்திருப்பதாகச் சொன்னார்கள். மயாரா மாலைகளில் பையோடு அடுப்படியில் உட்கார்ந்தாள். எனக்கு அது நல்ல குளிர்காலம், மேடம். பொய் சொல்ல மாட்டேன்.

நிவால்டோகூடக் கேட்டான். "என்னடீ இது, பாம்ப வயித்துல கட்டிக்கிட்டு உக்காந்திருக்க? மாசம் எத்தன?"

"இப்பத்தான் மசக்கை மாமா. எனக்கில்ல, அதுக்கு," என்றாள். சிரிக்கும்போதே அவள் கண் கலங்கியிருந்தது. நான் அவள் தலையைத் தடவிவிட்டேன்.

பிறகு அதற்கு நெஞ்சில் சளி கட்டியது. வாயைத் திறந்து மூச்சுவிட்டது. ஓரத்தில் சின்னச் சின்ன நுரை. பாம்பு மூச்சுவிடும் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. அடைத்த குழாய்போல இருந்தது. சென்சாரை அப்போதே கீழே வைத்துவிட்டேன், அதற்குப் பிறகு தொடவேயில்லை. சாகடிப்பது என் எண்ணத்தில் இல்லை. கொஞ்சம் மந்தமாக இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் மடியிலேயே, எப்போது என்று தெரியாமல் செத்துப்போனது. பாம்பு செத்ததைக் கண்டுபிடிப்பது கடினம். அவள் மத்தியானம் வரைக்கும் அதைச் சூடாக்கிக்கொண்டே இருந்தாள்.

"நான்தாம்மா கொன்னுட்டேன். கக்கினப்புறம் சீக்கிரமா எலி குடுத்துட்டேன்," என்று அழுதாள்.

"கொஞ்சம் அவசரப்பட்டுட்டடி, கண்ணு," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். காரணம் தெரியாத துக்கம் நீளும். ஒரு காரணம் கிடைத்தால் மனிதர்கள் சீக்கிரம் தேறிவிடுவார்கள். அவளுக்காகத்தான் சொன்னேன்.

என் கணக்கு தப்பியது அங்கேதான். பாம்பு போய்விட்டது, இனி அவளுக்கு அந்தச் சூட்டு ஊர் எதற்கு என்று நினைத்தேன். அவளோ சான்றிதழ் தேவையில்லாததால் உடனே பயணச்சீட்டு வாங்கிவிட்டாள். இந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்றாள்.

புறப்படுவதற்கு முன்னால் பெட்டியைக் கழுவி யாருக்காவது கொடுக்கலாம் என்று எடுத்தாள். நான் அப்போது மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவள் அறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை. எனக்கு மௌனங்கள் பழக்கம். ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியும். அது புதிதாக இருந்தது.

சமையலறைக்கு வந்தாள். கையில் சென்சாரின் ஒயர். நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு ஒயரின் மேலுறை உருகி, கம்பி வலையின் கட்டம் கட்டமான தடம் அதில் பதிந்திருந்தது. ஒரு தடவை பட்டால் அப்படிப் பதியாது. கொதிக்கிற பல்பின் பக்கத்தில் பல தடவை சுட்டுச் சுட்டுத்தான் பதியும். பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள், இது அவளுக்குத் தெரியாதா?

மேசையின் மேல், மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏம்மா?"

மாவு கையில் ஒட்டியிருந்தது. அவள் காத்திருந்தாள். அடுப்பில் ஒரு விறகு உடைந்து உட்கார்ந்தது.

"நான்தான் கொன்னேன்னு அழுதப்ப நீ என் முதுகத் தடவிக்கிட்டு இருந்தியேம்மா."

நான் மாவைத் திரும்பப் பிசைந்தேன். என்ன சொன்னாலும் அது சண்டையாகியிருக்கும்.

"வெள்ளிக்கிழம போறேன். இனி வரமாட்டேன். போன் பண்ணாத," என்றாள். சத்தம் போடவில்லை. அவள் என் மகள்.

அதற்குப் பிறகு அவள் சமையலறைக்குள் வரவேயில்லை. கடையில் வாங்கிய ரொட்டியை அறையில் தின்றாள். பெட்டி அணைந்துபோன அந்த அறை எப்படியிருக்கும்? உறைபனி விழுந்த வாரம் அது. எதிர்பார்த்தபடியே காய்ச்சல் வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு, கோட்டோடு படுத்துவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் பெட்டி படுக்கை கட்டித் தயாராக இருந்தது. நான் கதவைத் திறந்து பார்த்தேன். தூக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாள். சுருண்டுதான் படுத்திருந்தாள்.

என்னிடம் வர மாட்டேன் என்றவளுக்கு அடுப்பை நான்தானே கொண்டுபோக வேண்டும். வாணலியில் அடுப்புத் தணலை அள்ளி, அவள் கட்டிலுக்கு அருகில் வைத்தேன். இந்த ஊரில் குளிர் முற்றினால் செய்கிறதுதான். எங்கள் மாமியார் செய்திருக்கிறார். ஆம், மூடிய அறையில் தணல் வைக்காதீர்கள், நச்சு வாயு சேரும் என்று வருடா வருடம் வானொலியில் சொல்கிறார்கள். அன்று காலையிலும் சொன்னார்கள். மாவைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன்.

ஜன்னலைச் சாத்தினேன். கதவைச் சாத்தினேன். துணியை நனைத்துச் சுருட்டி, கதவின் அடியில் வைத்தேன்.

மயாராவைத் தூக்க வந்த தீயணைப்புக்காரர் நல்ல கண்ணுள்ளவர். துணி அறைக்குள் இல்லை, நடையில் இருந்தது, அதை வெளியே நிற்பவர்தான் வைத்திருக்க முடியும் என்று எழுதியிருக்கிறார். சரிதான். நான்தான் வைத்தேன். சூடு வெளியே போய்விடக் கூடாதே என்று வைத்தேன். சூட்டைத் தவிர வேறொன்றும் அங்கே சேரும் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். நான் நிறையத் தணல் போடவில்லை, மேடம். விமானம் போகிற வரைக்கும் மந்தமாக இருந்தால் போதும். எவ்வளவு போதும், எது அதிகம் என்று எனக்குக் கண்ணளவிலேயே தெரியும் என்று நினைத்தேன்.

எங்களிடம் வாங்கிப்போன ஏணியைத் திருப்பித் தர நிவால்டோ வந்தான். "பொண்ணு எங்கக்கா? நாளைக்குப் போறாளாமே, ஒரு வார்த்த பேசிட்டுப் போறேன்," என்றான். தூங்குகிறாள் என்றேன். அவன் நடையில் போய், துணியைப் பார்த்து நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான். நான் கொட்டை உரித்துக்கொண்டிருந்தேன். கதவை அவன்தான் திறந்தான். அவன் வராவிட்டால் நான் எப்போது திறந்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அதை உண்மையாகவே தெரியாது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் உயிரைப் பிடித்துக்கொடுத்தார்கள். மூளையில் பாதி இடம் மூச்சில்லாமல் இருந்துவிட்டதாகச் சொல்லி, என்னோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது ஊட்டினால் சாப்பிடுகிறாள். கரண்டிக்குப் பெயர் தெரியவில்லை. என்னை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றும் தெரியவில்லை. நாற்காலியை அடுப்புக்கு இரண்டு சாண் தள்ளிப் போட்டிருக்கிறேன். அதற்குமேல் நெருங்கினால் சுடும், சுட்டாலும் அவளுக்கு நகரத் தெரியாது. புறங்கையை அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வேன். எண்களை நான் நம்புவதில்லை. கொட்டையை உரித்து நீட்டினால் வாயைத் திறக்கிறாள். அடுப்பு அணைந்து வந்தால் தலையை மட்டும் அந்தப் பக்கமாகத் திருப்புவாள். ஏன் என்று அவள் இப்போது கேட்பதில்லை.

இன்றைக்கு நிவால்டோவின் மனைவி பக்கத்தில் இருக்கிறாள். நான் வரத் தாமதமாகும் என்றால் அவளிடம் யாராவது சொல்லிவிடுங்கள்: பச்சை விறகு போடக் கூடாது, புகையும். மத்தியானத்துக்குப் பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் குளிர்ந்துவிடும்.

நான் அவளை அடைத்துவைத்தேன் என்று உங்கள் தாளில் எழுதியிருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். வந்து பாருங்கள். சமையலறைக் கதவு நாள் முழுக்கத் திறந்துதான் இருக்கிறது. அவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அவள்தான் என்னைவிட்டுப் போக மாட்டேன் என்கிறாள்.